பாதி வடை

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி எங்கள் புத்தூருக்கு வந்து, என் சின்னம்மாவின் எழுத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டாள். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்யாணம் முடித்து லண்டனுக்குப் போய், தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கதை எழுதியவர். முதலில் ஆண் பெயரில், பிறகு துணிந்து தன் பெயரில். எட்டுப் புத்தகங்கள். குடும்பம் பிரிக்கிறவள் என்று அன்றைக்குத் திட்டிய வாய்கள் இப்போது பெண்ணிய எழுத்தாளர் என்கின்றன. திட்டியவர்களும் படிக்கவில்லை, புகழ்கிறவர்களும் படிக்கவில்லை. ஏழாம் வகுப்போடு நின்ற நான்தான் எட்டையும் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் கதை எங்கே பிறந்தது என்று பிள்ளை கேட்டாள். எங்கள் முற்றத்தில் என்றேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். அதுவும் ஐயா, என் தகப்பன், பழக்கியது. படிப்பின் மேல் உள்ள பக்தியால் அல்ல. சீதனக் காணியை மனைவியின் கையெழுத்து இல்லாமல் கைமாற்ற எங்கள் ஊர்ச் சட்டம் விடாது. அந்தக் கையெழுத்தால் அம்மாவின் பனங்காணி ஏற்கெனவே ஐயாவின் தம்பியான சித்தப்பாவின் கொழும்புக் கடையாகிவிட்டது. மிச்சம் இருந்தது கிணற்றடித் தோட்டம். அதை ஐயாவின் தங்கையான மாமிக்குச் சீதனமாக எழுத, வரும் வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் நாள் வைத்தாயிற்று. அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐயா அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டார்.

மாமி எங்களோடுதான் இருந்தாள். தினமும் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மாமியும் முற்றத்தில் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயா சாய்மனைக் கதிரையில். கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகைக் கதையை வழக்கம்போல நான் வாசித்தேன். கதையில் ஒருத்தன் மனைவியை ஏய்த்து அவளுடைய காணியை எழுதி வாங்குகிறான்.

“உவனும் ஒரு ஆம்பிளையே?” என்றார் ஐயா.

மாமிக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம். “அவள் ஏன் கையெழுத்து வைச்சவள்? விசரி.”

கதையில், கையெழுத்து வைத்தபின் அவன் அவளைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு வடை வாங்குகிறான். கல்யாணம் முடித்து முதல் தடவை. அதைப் பிய்த்துப் பெரிய பாதியைத் தான் தின்றுவிட்டு, சின்னப் பாதியைக் கொடுக்கிறான். ஆம்பிளைகள் முன்னால் எப்படித் தின்பது என்று தெரியாமல் அவள் அதை வீடுவரை கையில் கொண்டுவருகிறாள்.

நான் வாசிப்பை நிறுத்தினேன். அந்த வரி என்னுடையது. லண்டனுக்குச் சின்னம்மாவிடம் போகும் நீல விமானக் கடிதங்களை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறவள் நான். பனங்காணிக்குக் கையெழுத்து வைத்த அன்று ஐயா அம்மாவுக்குக் கொடுத்த அந்தப் பாதி வடையையும் போன மாரி காலத்தில் நான்தான் எழுதினேன். இப்போது அது அச்சில், யாரோ ஓர் ஆணின் பெயரோடு என்னைப் பார்த்தது. ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

“ஆரடி உதை எழுதினது?”

பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரை அவருக்குத் தெரியாது. தேநீர்க் கடைக்காரன்தான் ஊரெல்லாம் கதைத்துத் திரிகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். பாவம் அந்த மனுஷன். ஐயா ஏன் தன் கடைக்கு வருவதில்லை என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது.

“நிப்பாட்டாதை. உரத்து வாசி,” என்றா அம்மா.

மிச்சத்தை வாசித்து முடித்தேன். அம்மா கட்டிய பிடியைக் கீழே வைத்துவிட்டு மாமியைப் பார்த்தா.

“நீ சொன்னது சரி மச்சாள். நான் வெள்ளிக்கிழமை வரேல்லை.”

ஐயா சாய்மனைக் கதிரையில் திரும்ப உட்கார்ந்தார். கதையில் வந்தவனைத் திட்டியது அவர்தானே. மாமி தலை நிமிரவே இல்லை. அடுத்த பிடியைக் கட்டத் தொடங்கினாள்.

மாமிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் கரவெட்டிக்காரர். காணி இல்லை என்றதும் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். எனக்கோ பெரிய சந்தோஷம். மாமி போகமாட்டாள், தலை பின்ன ஆள் இருக்கிறது என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம்கூடப் போட்டேன். பிறகு வந்த சம்பந்தங்களும் காணியைக் கேட்டுவிட்டுத் திரும்பின. தோட்டம் பின்னால் எனக்குச் சீதனமாக வந்தது. அதில் விளைந்த வெங்காயத்தை மாமி கண் தெரியும்வரை கட்டினாள். எங்கள் வீட்டிலேயே செத்தாள்.

அந்த வருஷம் லண்டனுக்குப் பல கடிதங்கள் போயின. நாய் குட்டி போட்டது, கிணறு வற்றியது எல்லாம் அம்மா சொன்னா, நான் எழுதினேன். கரவெட்டிக்காரர் திரும்பிப்போனதை அவ சொல்லவில்லை. சின்னம்மாவின் எட்டுப் புத்தகத்திலும் மாமி இல்லை. பேனா என் கையில்தானே இருந்தது, நானாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.