சாங்கித் திடலில் மூன்று சொட்டைகள்

சாங்கியில் ஒரு திடலில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியால் மூன்று இடங்களில் புல்லை வேரோடு பெயர்த்துவிட்டு நின்றேன். இன்னொரு சொட்டை விழுந்தால் ஊருக்கு டிக்கெட் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார். நான்கு மணிக்கு வருவார். வெட்டிய புல்லை அள்ளிச் சொட்டைகளை மூடினேன்.

செம்பவாங் பகுதியிலிருந்து அன்றைக்கு மட்டும் உதவிக்கு வந்திருந்தவர் பார்த்துவிட்டார். முகம் முழுக்கத் துண்டு. கண் மட்டும்தான் தெரியும். பேசுமுன் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்.

"தலைக்கும் இதே வைத்தியந்தானாண்ணே?"

தொப்பியை இறக்கிக்கொண்டேன்.

"மழையில மண்ணு ஊறிக் கெடக்கு. நீங்க சட்டுனு திருப்புறீங்க, உள்பக்கச் சக்கரம் நின்ன எடத்துலயே முறுக்குது. ரெண்டு சக்கரமும் உருளணும். பக்கத்து வரிசையை விட்டுட்டு, தள்ளி இருக்குற வரிசைக்கு அகலமாத் திரும்புங்க. விட்டதை அப்புறம் வெட்டலாம்."

மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன், சாமிகள் தீர்ந்துபோயின.

சூப்பர்வைசர் வந்து, "எல்லாம் ஓகேயா?" என்று செம்பவாங்காரரிடம் கேட்டார்.

"இல்ல சார். இவரு மூணு எடத்தைக் கெடுத்துட்டாரு." காலால் புல்லை விலக்கியே காட்டினார். "அதுக்கப்புறம் ஒன்னுகூட இல்ல. எல்லாத் திருப்பத்தையும் நடந்து பாருங்க."

சூப்பர்வைசர் ஒவ்வொரு திருப்பமாக நடந்து பார்த்தார்; புதிதாக ஒரு சொட்டையும் இல்லை.

"நாளைக்கு நீயே மண்ணு போட்டுப் புல் நடு லா," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

செம்பவாங்காரர் என்னைக் காட்டிக்கொடுத்ததுகூடப் புரிகிறது. ஆனால் அன்று மதியம் முழுக்க அவர் மறுகோடியில் முதுகைக் காட்டி வேலியோரம் வெட்டிக்கொண்டிருந்தார். என் திருப்பங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.