ஒரு பிடி சிவப்புப் பழம்

முனவ்வராவை விவரம் தெரியாதவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் அபார்ட்மென்டில் அப்படிச் சொன்னவர்கள் பலர். அவள் வீட்டுக்கு ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்காதவர்கள்.

2006இல் அவள் புருஷன் மீரான் மைதீனுக்கு இதய வால்வை மாற்றினார்கள். சாஃப்ட்வேர் வேலை, நாற்பதைத் தாண்டியிருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆள்தான் பழையபடி ஆகவில்லை. உப்பில்லாத சாப்பாட்டைத் தொடமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ஒரு வாய் சாப்பிடுங்க" என்று இவள் கெஞ்சினால், "வேணாம், எடுத்துட்டுப் போ" என்பார். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமி, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி அழுவார். பிழைக்கவைத்த ஆளைப் பட்டினியில் பறிகொடுத்துவிடுவோமோ என்று முனவ்வராவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கீழ்வீட்டு சென் ஆன்ட்டி சீனப் பெண்மணி. லாண்டரி ரூமில் பழக்கம். ஒரு நாள் ஒரு குவளையில் தேநீர் கொண்டுவந்தார். அதில் தேயிலையே கிடையாது. பேரிக்காய்த் துண்டுகள், காய்ந்த சீன இலந்தை, திராட்சையைவிடச் சின்னதாக கோஜி என்கிற சிவப்பு உலர்பழம். எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். பேரிக்காய் குளிர்ச்சி, இலந்தை சூடு, இரண்டும் சேர்ந்தால் உடம்பு சமமாகும் என்றார். முனவ்வரா மனசு அங்கேதான் விழுந்தது. அமெரிக்காவில் ஒரு டாக்டரும் சூடு, குளிர்ச்சி என்று பேசி அவள் கேட்டதில்லை. அப்படிப் பேசிய ஆன்ட்டி சொந்தக்காரர் போலத் தெரிந்தார்.

"ஸ்மால் கப்" என்று விரலால் அளவு காட்டினார் ஆன்ட்டி. "ஆஸ்க் டாக்டர்."

முனவ்வரா தலையை ஆட்டினாளே தவிர, கேட்கவில்லை. முன்பு ஒருமுறை கருஞ்சீரகம் தரலாமா என்று கேட்டபோது டாக்டர் வாட்சைப் பார்த்தார். அந்த அவமானம் இன்னும் போகவில்லை. தவிர, பழத்தைப் போய் யாராவது டாக்டரிடம் கேட்பார்களா? நர்ஸ் போன் பண்ணி, புதிதாக மருந்தோ மூலிகையோ எடுக்கிறாரா என்று விசாரித்தபோதுகூட பழத்தை மூலிகையாக நினைக்காமல் இல்லை என்றுதான் சொன்னாள்.

மீரான் மைதீன் அதைக் குடித்தார். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். சீனக் கடைக்குப் போய் ஒரு பெரிய ஜாடி கோஜி வாங்கிவந்தாள். குவளை ஃப்ளாஸ்க் ஆனது.

"சீனாக்காரி சொன்னான்னு எம்புள்ளைக்குக் கண்டதையும் ஊத்தாத" என்றார் மாமி.

"வெறும் பழம்தான் மாமி."

"அவனுக்கு ஒன்னுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

சில நாளில் மீரான் மைதீன் கையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. டெஸ்டுக்கு ஊசி குத்திய இடம் என்று நினைத்தார்கள். ஒரு காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

ரத்தம் தண்ணீராகிவிட்டது, மாத்திரையோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. என்ன, எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது. என்ன கொடுத்தீர்கள்?

"நத்திங்" என்றாள் முனவ்வரா. சொன்ன வாய் மூடுவதற்குள் அடுப்பு மேடையில் இருக்கும் ஃப்ளாஸ்க் ஞாபகம் வந்தது. பக்கத்தில் மாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கார்டு எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதென்றாலே நடுங்குகிறவள், அன்று ஃப்ரீவேயில்தான் போனாள். உள்ளே அவர் செத்துக்கொண்டிருக்கிறார், நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாளாம்.

வீட்டில் ஜாடியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். போன வாரம் வாங்கியது. அவள் போட்ட அளவுக்குப் பாதிகூடக் குறைந்திருக்கக் கூடாது. அடி தெரிந்தது. சிங்க்கில் அவள் தொடாத ஒரு பாத்திரம், அடியில் ஊறிப்போன சிவப்புப் பழங்கள். பக்கத்தில் மாமியின் பெரிய எவர்சில்வர் தம்ளர். மகன் கேட்டு வாங்கிக் குடிப்பதைப் பார்த்த தாய்க்கு மனசு கேட்கவில்லை. இவள் அசந்த நேரத்தில் அவரும் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்.

முனவ்வரா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பழி போட இப்போது ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் மகனைத் தன் கையாலேயே இப்படி ஆக்கிவிட்டோம் என்று தெரிந்தால் அந்த மனுஷி உயிரோடு இருக்கமாட்டார் என்றுதான் தோன்றியது. பழி முழுக்க எனக்கே வரட்டும், என் புருஷன் மட்டும் பிழைக்கட்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஜாடியை டாக்டரம்மா கையில் கொடுத்தாள். யார் கொடுத்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவர் கேட்டார்.

"ஐ" என்றாள் முனவ்வரா. "ஒன்லி ஐ." கையைப் பிடியாக மூடி நீட்டிக் காட்டினாள்.

மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஜாடியைத் தெரியும். 'ஐ' என்றால் யார் என்றும் தெரியும். தஸ்பீஹை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். தன் வலது கையை மூடி, மருமகளின் கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"டூ" என்றார்.

டாக்டரம்மா இரண்டு பிடிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனார். மறுநாள் சாயங்காலம்தான் ரத்தம் நின்றது. அதுவரை மாமி முனவ்வராவின் கையை விடவில்லை.