இருபது நிமிட வளையம்

பல் மருத்துவமனையின் மேல்மாடிப் பட்டறையில் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பல்லக்கா. வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்த பிறகு, அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

நாம் வெள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில் பதினாறு வெள்ளை இருப்பது அவளுக்குத் தெரியும். பீங்கான் மாவில் இரும்பு ஆக்சைடு ஊசிமுனை அளவு சேர்ந்தால் டீ குடிக்கிறவரின் பல். இன்னொரு முனை கூடினால் புகை பிடிக்கிறவரின் பல். எதுவானாலும் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போக வேண்டும். செய்தது எது, முளைத்தது எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவள் யார் கண்ணிலும் படாமல் போவதற்கென்றே பொருள் செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் கண் டாக்டரிடம் கண்ணாடி மாற்றப் போய்க் காத்திருந்தபோது, சுவரோரம் ஒரு பீங்கான் ஜாடியைப் பார்த்தாள். தேன் நிறப் பளபளப்பின் மேல் நீலப் பூக்கள், விசிறி விரித்தாற்போல. யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்து மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனாள். தூரிகை பட்ட தடமே இல்லை.

"யாரும் வரையலைம்மா. சூளைக்குள்ள அதுவா பூத்ததாம்," என்றார் சீட்டு எழுதுகிறவர். அதற்கப்புறம் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பழைய மின்சூளை ஒன்றைக் கொண்டுவந்து, துணி துவைக்கும் அறையில் கம்பி மாற்றி ஓட வைத்துக் கொடுத்தார். பட்டறையில் அவளுடைய பல் சூளை ஒரு தம்ளர் உயரம்தான். இது தவலை அளவு இருந்தது.

புத்தகங்களைப் படித்துத் துத்தநாக ஆக்சைடும் மணல் மாவும் கலந்து, முகமூடி கட்டிக்கொண்டு கிண்ணங்களுக்குப் பூசினாள். ஆயிரத்து இருநூற்று அறுபது டிகிரியில் பூச்சு பாகாக உருகும். பிறகு ஆயிரத்து எண்பதுக்கு இறக்கி, நாலு மணி நேரம் அசையாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில்தான் உருகிய கண்ணாடிக்குள் படிகங்கள் ஒவ்வொன்றாக விரியும். முதல் தடவை பூச்சு முழுவதும் வழிந்து கிண்ணம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. கணவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கிண்ணம் அழுதுட்டிருக்கே, யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அடுத்த தடவையிலிருந்து வழிவதைத் தாங்கக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சாஸர் வைத்தாள்.

பிறகு நிறங்கள் வந்தன. கரித்தூள் போலிருந்த கோபால்ட், அந்தி வானத்து நீலமாக எழுந்தது. செம்பு பச்சையானது. மாங்கனீசு மங்கிய ரோஜா நிறம் காட்டியது. நிக்கல் பொடியே பச்சை என்பதால் பச்சைதான் வரும் என்று எதிர்பார்த்தாள். சூளையைத் திறந்தால், தேன் நிறத் தரையில் நீலப் பூக்கள். கண் டாக்டரிடம் பார்த்த ஜாடி அவள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனாள்.

பட்டறையில் பல் தீட்டும்போதும் கண்ணுக்குள் ஆரஞ்சு வெளிச்சம்தான். பார்க்க ஆளில்லாத அந்தச் சூட்டுக்குள், சத்தமில்லாமல், இதழ் இதழாக ஏதோ விரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிறு மதியம், நிறுத்திவைத்த மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போனது. சூளையின் சூடு மளமளவென்று இறங்கியது. இருபது நிமிடம் கழித்து கரண்ட் வந்தபோது, அணைத்துவிடலாம், இனிமேல் தேறாது என்றார் கணவர். அவளுக்கும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுபடி சூடேற்றி, மிச்ச நேரத்தையும் ஓட்டி முடித்தாள்.

மறுநாள் வெளியே எடுத்த கிண்ணத்தில் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு வெளிறிய வளையம் இருந்தது. வெட்டிய மரத்தில் தெரியுமே, அந்த மாதிரி. கணவர் அதன் மேல் விரலை ஓட்டினார்.

"இந்தக் கோடுதான் கரண்ட் போன நேரமா?"

"ஆமா. அதுக்கு வெளியில இருக்கிறதெல்லாம் திரும்ப வந்தப்புறம் வளர்ந்தது."

அவர் வெகுநேரம் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பல் டாக்டரம்மா, இதற்கு அச்சு அசலாக ஒரு ஜோடி வேண்டும் என்றார். ஜோடி சேர்ப்பதுதானே நம் பிழைப்பு என்று பல்லக்காவும் ஒத்துக்கொண்டாள். அதே எடை, அதே பொடி, அதே சூடு, அதே இருபது நிமிடம். பதினோரு தடவை வைத்தாள். பதினோரு தடவையும் பூக்கள் தாங்கள் நினைத்த இடத்தில்தான் பூத்தன. முதலில் எரிச்சல் வந்தது. ஏழாவது தடவைக்கு மேல் எரிச்சல் போய், திறக்கும்போது சிரிப்பு வர ஆரம்பித்தது. கடைசியில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"பல்லுன்னா பக்கத்துப் பல்லைப் பார்த்துச் செய்வேன் டாக்டர். இதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே."

அவர் பதினொன்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்து, எதற்கும் ஜோடியாகாத ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பல்லக்கா வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே சூட்டை இறக்கி ஏற்றி வளையம் போடுகிறாள். சுவிட்ச் கணவர் பொறுப்பு. அறை வாசலில் ஸ்டூல் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். சூளையின் வெதுவெதுப்பு சுவர் வழியாக வரும். அவள் அடுத்த அறையில் அந்தச் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவாள்.

போன வாரம் எடுத்த கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்து எண்ணிப் பார்த்தாள். ஏழு வளையம் இருந்தது.

"ஆறுதானே போடச் சொன்னேன்?"

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணு என்னோடது," என்றார்.