விமானத்துக்குத் தைத்த உறை

எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏற்றுமதி நன்றாக ஓடிய நேரத்தில், எங்கள் முதலாளி சின்ன விமானம் ஒன்று வாங்கிக் கோவை விமான நிலையத்தில் நிறுத்தியிருந்தார். கொட்டகைக்குள் நிறுத்த வாடகை அதிகம் என்று வெட்டவெளியில் விட்டிருந்தார். தூசி படியாமலிருக்க ஓர் உறை தைக்கச் சொல்லி, அளவெடுக்க என்னை அனுப்பினார்.

அங்கே விமானத்தைத் துடைப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், வெயிலில் உதடு வெடித்திருந்தது. எங்கள் கம்பெனி வேஸ்ட் துணியில் மெத்தென்றிருப்பதைப் பொறுக்கி, கண்ணாடி துடைக்கத் தனியே சட்டைப்பையில் வைத்திருந்தார். இறக்கையின் நிழல் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்தார்.

டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்தார்.

"ஏனுங்க, குழந்தை பனியன் தைக்கறவரு இதுக்கும் கழுத்து வெட்டிருவீங்களாட்ட இருக்குது!" என்று சிரித்தார். "அடியில நாடா வெச்சு இறுக்கித் தையுங்க. துளி தூசி போகக்கூடாது."

எனக்குத் தயக்கம். "தூசியே போகலீன்னா உங்களுக்கு என்னங்க வேலை?" என்றேன்.

"உறையக் கழட்டி மாட்ட ஆள் வேணுமல்லங்க? மொதலாளி அத யோசிக்காமயா இருப்பாரு?"

அவர் சொன்னபடியே இறுக்கித் தைத்தேன். முதலாளி தட்டிக்கொடுத்தார், நானும் சந்தோஷப்பட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. துடைப்பவர் தான் சொன்னதை நிஜமாகவே நம்பினாரா, என் தயக்கத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை.

உறையை மாட்டிய மறுநாள், விமான நிலையத்துக்குள் நுழைய அவருக்குக் கொடுத்திருந்த பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கழட்டி மாட்டும் வேலையை முதலாளியின் கார் டிரைவரிடம் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.