அக்காவும் நானும் தொண்டு செய்த காலை

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் எங்கள் தொழிற்சாலையை மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோனபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அதன்பிறகு ஏஜென்சிக்காரர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. முதலில் கோவிலுக்குப் போவதை விட்டேன். பிறகு பிறந்தநாள் விழாக்களை. "இப்ப எங்க வேலை?" என்ற கேள்விக்குப் பதில் தேடி அலுத்துப்போயிருந்தேன். மெல்ல மெல்ல அழைப்புகளும் நின்றன. நகரத்தின் கிழக்கே டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி தமிழர்தான். லிஃப்ற்றில் ஏறினால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பக்கத்துத் தெருவிலேயே, இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் இலவசமாகக் கொடுக்கும் உணவு வங்கி ஒன்று இருந்தது. அங்கே போனால் பொழுதுபடுவதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பஸ்ஸும் ரயிலும் மாறி நகரத்தின் மேற்குக் கோடியில் அதேபோல் சாமான் கொடுக்கும் தேவாலயம் ஒன்றுக்குப் போனேன். பனி தூறிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் கழுத்துத் துணியை இழுத்துவிடத் திரும்பினார்.

தொழிற்சாலையில் பல வருடம் என் பக்கத்து மெஷினில் தைத்த அக்கா. நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் தனிவீடு வாங்கிப் போனவர். அந்தப் புதுவீட்டுக் குடிபூரலுக்கு நானும் போயிருந்தேன்.

"நான் இஞ்ச உதவி செய்ய வந்தனான்," என்றார் அக்கா. "வொலன்ரியர்."

"நானும் அதுக்குத்தான் அக்கா," என்றேன்.

சொன்ன பிறகு வரிசையில் நிற்க முடியுமா? இருவரும் விலகி உள்ளே போனோம். பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார மூதாட்டி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு ஏப்ரன் தந்தார். மதியம் வரை அக்கா அரிசியை எடுத்துத் தர, நான் பருப்பும் ரின்னில் அடைத்த மீனும் சேர்த்துப் பையில் போட்டு வந்தவர்களிடம் கொடுத்தேன். கைகள் பழையபடி ஒத்துப்போயின. கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முடிந்ததும் மூதாட்டி மிச்சமிருந்த பைகளைக் காட்டி, கொண்டுபோங்கள் என்றார். வேண்டாம், வீட்டில் எல்லாம் இருக்கிறது என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பிறகு நான் எப்படி வாங்குவது?

வெளியே வந்து, "கார் எங்க அக்கா?" என்று கேட்டேன்.

"என்ர மனுசன் காரைக் கொண்டு போட்டார். நீர் போம், எனக்கு இதில ஒரு அலுவல் கிடக்கு."

பஸ் புறப்பட்டபோது யன்னலால் பார்த்தேன். அக்கா தெருவைக் கடந்து எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார்.

அடுத்த கிழமை அங்கே போய் வரிசையில் நின்றேன். அக்கா வந்தால் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் வரவில்லை. பிறகு எத்தனையோ தரம் அழைத்தும் எடுக்கவில்லை. கோடை தொடங்கிய பிறகு ஒருநாள் எடுத்தார்.

"வீட்டை வித்துப்போட்டம்," என்றார். "இப்ப ஒரு வீட்டுக்குக் கீழ, பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"நான் ஆருக்கு அக்கா சொல்லப்போறன்?"

அவர் சிரித்தாரா, மூச்சுவிட்டாரா தெரியவில்லை. "ஒருநாளைக்கு வாரும்," என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.