பங்கு இசை இரவு

போன வாரம் வேலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். என் நேரம், உட்காரக் கிடைத்த இடம் பெரிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. பாட்டு ஆரம்பித்ததும் கப்பிலிருந்த பாயசம் தானாக ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது ஃபங்க் மியூசிக் ஆன்ட்டி, உங்களுக்குப் பிடிக்காது" என்றான். அடேய், உன் அம்மா பாவாடை கட்டிய காலத்திலேயே ஃபங்க் கச்சேரியில் ஒரு மனுஷரைப் பழிவாங்கியவள் நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தால் ஜெனரேட்டரின் டீசல் வாசனை. அந்த வாசனை அடித்தால் எனக்கு எங்கள் ஊர் மாதா கோயில் மைதானம்தான் ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசி. அப்போது நான் ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை ஆனால் பஸ்ஸில் புளிமூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சந்தவாசல் பக்கமிருந்த எங்கள் ஊருக்கு இறங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாட வேண்டுமே.

எனக்கு நல்ல குரல். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பழக்கமும் இருந்தது. பாடும்போது வலது கால் தன் பாட்டுக்குத் தாளம் போடும், கொலுசு சத்தம் கேட்கும். இது எங்கள் பாடகர் குழுவை நடத்திய சவரியப்பன் வாத்தியாருக்கு ஆகாது. கோயில் ஆர்மோனியம் அவருடைய சொந்த ஆர்மோனியம். அதனால் கோயிலே தனக்குச் சொந்தம் என்ற நினைப்பு.

ஒரு ஞாயிறு, பூசைக்கு நடுவில், பாட்டையே நிறுத்திவிட்டார். "இன்னாம்மா காலு ஆடுது? கோயிலு இன்னா கூத்துக் கொட்டாயா? எறங்கிப் போ" என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் என் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பீடத்தருகிலிருந்து வாசல்வரை அத்தனை பேர் நடுவிலும் நான் நடந்து போனேன். வாசலைத் தாண்டும்போதே முடிவு செய்தாயிற்று, இந்த மனுஷரை விடுவதில்லை என்று. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் சொன்னதே இல்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்ல?

அந்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் கோயில் சாமியாரின், அதாவது பாதிரியாரின், அண்ணன் மகன் தன் குழுவோடு பெங்களூரிலிருந்து வாசிக்க வந்தான். அங்கே ஹோட்டல்களில் ஃபங்க் என்கிற மேல்நாட்டு ஆட்ட இசை வாசிக்கிற பையன்கள். 'ஃபங்க் இசை இரவு' என்று சாமியார் எழுதிக் கொடுத்ததை ஆரணி அச்சகத்துக்கு எடுத்துப் போனவள் நான்தான். அச்சுக் கோர்த்தவருக்கு மாதா கோயில் நோட்டீஸ் என்றாலே பங்குதான்; ஒரு கோயிலைச் சேர்ந்த சபையைப் பங்கு என்போம். பங்குத்தந்தை, பங்குமக்கள் என்று கோர்த்துக் கோர்த்துப் பழகிய கை. 'பங்கு இசை இரவு' என்று கோர்த்து வைத்துவிட்டார்.

"எல்லாம் சரியா கீதா பாரும்மா" என்று சரிபார்க்கும் தாளை என்னிடம் நீட்டினார்.

பங்கு இசை என்றால் அது தன்னுடையது என்று யார் துள்ளிக் குதிப்பார் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரியாத்தான் கீதுங்க" என்றேன்.

நினைத்தபடியே நடந்தது. வாத்தியார் புது ஜிப்பா தைத்தார். செங்கத்திலிருந்து சம்பந்தி வீட்டாரை வரவழைத்தார். "நம்ம பங்கு பாட்டுதான்பா. பெங்களூர்க்காரனுங்க சும்மா பக்கவாத்தியம்" என்று டீக்கடையில் சொன்னதாக என் காதுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகப் பசித்தது.

திருவிழாவன்று டீசல் ஜெனரேட்டர் இரைய மைதானம் நிரம்பி வழிந்தது. மலையிலிருந்து புளியும் சாமையும் விற்க வந்தவர்களும் கடையைக் கட்டிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேஸ் கிட்டார் முதல் தடவை 'தும்' என்றதும் பக்கத்திலிருந்த குழந்தை அழுகையை நிறுத்தியது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. என் கால் ஆட ஆரம்பித்தது. இந்த முறை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சாமியாரின் அண்ணன் மகன், "ஊர்க்காரங்க யாராவது பாடுறீங்களா?" என்று மைக்கில் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் வாத்தியார் மேடையில் இருந்தார். எல்லோருக்கும் தெரிந்த பழைய மாதா பாட்டு ஒன்றைப் பாடப்போவதாகச் சொன்னார். பையன்கள் தங்கள் தாளத்தை விடாமல் வாசித்தார்கள். எங்கே நுழைவது என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை. நுழைந்தார், பிசகியது. நிறுத்தி மறுபடி நுழைந்தார், இன்னும் மோசம். முன்வரிசையிலிருந்த மலைக்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார்:

"வாத்தியாரே, பஸ்ஸு போன பின்னாடி கைய காட்டினா நிக்குமா?"

மைதானமே சிரித்தது. சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள், நான் திரும்பி நின்று பார்த்தேன். "இது பாட்டா? வெறும் எரச்சலு" என்று மைக்கில் கத்திவிட்டு வாத்தியார் இறங்கினார். அவர் இறங்கின படியில் நான் ஏறினேன். அதே மாதா பாட்டு. கால் இடம் சொன்னது, குரல் போய் உட்கார்ந்தது. பாட்டு முழுக்க அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மறுநாளே அவர் ஆர்மோனியத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பிறகு பாட வரவே இல்லை. சாமியார் என்னை நடத்தச் சொன்னார், நடத்தினேன். சுருதி பிடிக்க ஆளில்லாமல் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனாள், நானும் மாற்றல் வாங்கி வேலூருக்கு வந்தேன். பாடகர் குழு நின்ற இடத்தில் இப்போது இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் பூசைப் பாட்டு முழுக்க வந்துவிடுகிறது.

போன வருஷம் வாத்தியார் தவறிவிட்டார். அடக்கத்துக்குப் போனேன், போகாமல் இருப்பேனா. பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்ததும் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களாச்சும் ஒரு பாட்டு பாடுங்கக்கா. மிஷினுப் பாட்டோட அப்பாவ அனுப்ப மனசு வர்ல. இங்க வாயத் தொறந்து பாட வேற யாரு கீறாங்க?"

"தொண்ட சரியில்லம்மா" என்றேன்.

பென்டிரைவைச் செருகினார்கள். யாரோ ஒருத்தி, எந்த ஊர்க்காரியோ, பிசகில்லாமல் பாடினாள். கோயிலில் ஒருவர் வாயும் அசையவில்லை. என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.