பிரேக்குக்குப் போகும் கால்

கண் விழித்தபோது இடது காலில் கட்டு இருந்தது.

எனக்கு ஆபரேஷன் நடந்தது அடிவயிற்றில். புராஸ்டேட்டில் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்று. ரோபோ வைத்து எடுப்போம், வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைதான் என்றார்கள். காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொம்மனஹள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் பேட்டரியிலும் டயரிலும் பெயிண்டால் கோடு போட்டுவிடுவேன். திரும்ப எடுக்கும்போது அதே பார்ட்தானா என்று பார்ப்பேன். உடம்பில் கோடு போடாமல் விட்டுவிட்டேனே என்று தோன்றியது.

"கால்ல இருந்து என்ன எடுத்தாங்க?" என்று என் மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லங்க. டாக்டர் வந்து சொல்வாரு."

மூடியிருந்த பிளாஸ்க்கை மறுபடி திருகினாள். பொய் சொன்னால் அவள் கை சும்மா இருக்காது.

மறுநாள் டாக்டர் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க இடுப்புக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபோது, வலது பக்க ஆப்டுரேட்டர் நரம்பு (தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகளுக்குப் போவது) வெட்டுப்பட்டுவிட்டதாம். இரண்டு முனையும் எட்டவில்லை. இடது கெண்டைக்காலில் இருந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து நடுவில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் பாதியில் அவர்கள் வெளியே வந்து கேட்டபோது செல்வி கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"வெட்டினது மெஷினா, நீங்களா?"

"மெஷின் தானா ஓடாது அண்ணா. ஸ்டியரிங் என் கையிலதான். நான்தான் வெட்டினேன்."

அந்த ஒரு பதிலை மட்டும் நம்பினேன்.

"பஸ் ஓட்டலாமா?"

"நரம்பு மெதுவாத்தான் வளரும். மாசக்கணக்காகும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்வல்ப, கொஞ்சம் பொறுக்கணும்."

அவர் போனதும் செல்வியைப் பார்த்தேன். "நேத்தே ஏன்டி சொல்லல?"

"சொன்னா தையலைப் பிரிச்சுப் பாத்திருப்பீங்க."

வீட்டுக்கு வந்த பிறகு வலது கால் நடக்கையில் வெளிப்பக்கம் விலகிப் போனது. ஆக்சிலரேட்டரில் இருந்து பிரேக்குக்குக் காலை உள்பக்கம் இழுக்கணும். போனது அந்த இழுப்புதான்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி (தசைப் பயிற்சி) தரும் பெண் வாராவாரம் "இம்ப்ரூவ் ஆகுது அங்கிள்" என்பாள். பக்கத்துக் கட்டிலிலும் அதையேதான் சொன்னாள். நான் வலது தொடையின் உள்பக்கம் மரத்துப்போன இடத்தைச் சீப்பின் பல்லால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சுற்றிலும் பேனாவால் கோடு போட்டேன். ஞாயிறுதோறும் புதுக் கோடு. குளித்தால் அழியும் என்று செல்வி போனில் படம் எடுத்து வைத்தாள். நான்கு மாதம் கோடு அசையவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு விரல் அகலம் உள்ளே வந்தது. அதையும் நம்பாமல் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

நரம்பு எடுத்த இடது காலில் பாதத்தின் ஓரம் மரத்தே இருக்கிறது. அங்கே உணர்வு திரும்பாதாம். செருப்பு கழன்றால் தெரிவதில்லை.

இதே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நரம்பு வெட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள், ஒட்ட எங்கிருந்து எடுப்பீர்கள் என்று. எந்தக் கால் என்றும் கேளுங்கள்.

பத்தாவது மாதம், ஷெட்டில் நின்றிருந்த என் பஸ்ஸில் ஏறினேன். சாவி போடவில்லை. காலை ஆக்சிலரேட்டரில் வைத்து பிரேக்குக்கு இழுத்தேன். போய்ச் சேர்ந்தது என்று நம்பிக்கை வரவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக்கில்தான் இருந்தது.

ஓசூர் ரோட்டில் அத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

இப்போது தினமும் போய் உட்காருகிறேன். கால் சரியாகத்தான் போகிறது. நான்தான் இன்னும் குனிகிறேன். குனியாமல் மிதிக்கும் வரை ஆளை ஏற்ற மாட்டேன்.